தொழுவத்திலிருந்து வந்த சிப்

மராத்தான் ஓடுபவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாளான பிப்பின் பின்பக்கத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அதை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெளிநெளியான உலோகக் கோடு, அதன் நடுவே கடுகைவிடச் சிறிய ஒரு சிப். பேட்டரி கிடையாது. சில பிப்களில் கூடவே ஒரு நுரைத் துண்டும் இருக்கிறது. உடம்பிலுள்ள நீர் இந்த ரேடியோ அலையை உறிஞ்சிவிடும் என்பதால், பட்டை உடம்போடு ஒட்டாமலிருக்க அந்த ஏற்பாடு. இவ்வளவு யோசித்துச் செய்த இந்தப் பொருள் எங்கே தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் அகப்பட்டது ஷூ லேஸில் கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வில்லை. பெயர் சாம்பியன்சிப், ஊர் நெதர்லாந்தின் நைமேகன். 1996இல் பாஸ்டன் மராத்தானின் 100ஆவது ஓட்டத்தில் 35,000க்கும் மேற்பட்டோர் ஓடி முடித்தபோது காலில் இருந்தது இதுதான். அத்தனை பெரிய கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தொடவே பல நிமிடம் பிடிக்கும். சிப் வருவதற்கு முன் அந்த நிமிடங்களும் அவர் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தன. கோட்டில் ஒரு மேட் விரித்து, காலில் ஒரு சிப்பும் கட்டிவிட்டால் அவரவர் ஓடிய நேரம் அவரவருக்கு. முதல் பரிசை இன்றும் துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். சிப் நியாயம் செய்தது பின்னால் வருபவர்களுக்கு.

வில்லைக்குள் இருப்பது ஒரு சிறு கண்ணாடிக் குழல். உள்ளே ஃபெரைட் தண்டு, அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. மேட்டுக்குள் இருக்கும் ஆன்டெனா 134.2 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. சுமார் 50 மில்லிநொடியில் குழலிலுள்ள மின்தேக்கி நிரம்புகிறது. புலம் அணைந்ததும், சேர்த்து வைத்த மின்சாரத்தில் சிப் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவரின் உடல் அந்த 50 மில்லிநொடிக்குள் 25 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இந்தக் குழல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டைரிஸ் என்ற தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது. கால்நடைகளை அடையாளம் காணப் பயன்பட்ட அதே குழல்! ஷூவின் கதை தொழுவத்தில் முடிந்தது. பிப் பட்டை வேலை செய்யும் விதம் வேறு: தன் மேல் படும் அலையை மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அந்த வழியைப் பின்தொடர்ந்தால் 1975இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் கோயல், டெப், ஃப்ரேமன் மூவரும் எழுதிய கட்டுரை வருகிறது. அந்த ஆய்வகத்தின் முயற்சியும் கால்நடைகளை அடையாளம் காண்பதற்காகவே. இன்னும் பின்னால் போனால் 1948இல் ஹாரி ஸ்டாக்மன். திரும்பி வரும் அலையிலேயே செய்தி அனுப்பலாம் என்று அவர் அப்போதே எழுதிவிட்டார். இரண்டு வழியும் மாட்டிடம் போய்ச் சேர்ந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிப் இல்லாத காலத்தில், 1980இல், பாஸ்டன் மராத்தானில் ரோஸி ரூயிஸ் என்பவர் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஓட்டத்தில் புகுந்து பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். பட்டத்தைப் பறித்து ஜாக்குலின் காரோவிடம் கொடுக்க எட்டு நாள் ஆனது. இப்போது அங்கே 5 கிலோமீட்டருக்கு ஒரு மேட். ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல அவை. 2013இல் அங்கே குண்டு வெடித்து ஓட்டம் நின்றபோது 5,000க்கும் மேற்பட்டோர் வழியிலேயே நிறுத்தப்பட்டார்கள். பாதித் தூரம் கடந்திருந்தவர்களுக்கு 2014 ஓட்டத்தில் இடம் கொடுத்தார்கள். அவர்கள் கடந்ததற்குச் சாட்சி அந்த மேட்களின் பதிவு.