கொட்டகைக்கு ஒயர் இழுத்த நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை கணபதிப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு லேத் ஓடும் சத்தம் கேட்கும். அப்பா கேட், கிரில் செய்கிறவர். பல வருடம் கூலிக்குப் பார்த்துச் சேர்த்த பணத்தில் வெல்டிங் செட் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இறக்கினார். எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்பார்மர் செட். கிட்டே போனால் சூடான எண்ணெய் வாசம் மூக்கில் ஏறும்.

கொட்டகைக்கு அப்போது இருந்தது எப்போதோ போட்ட 3/20 ஒயர், அதாவது 20 கேஜ் இழை மூன்று. அப்பா ராடைத் தகட்டில் தட்டியதும் தலைக்கு மேல் பல்பு மங்கும். ராடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி மறுபடி தட்டினால் பல நேரம் ஃப்யூஸ் போய்விடும். "தடிச்ச கம்பியாக் கட்டிருங்க, நிக்கும்" என்று வந்து போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்பா அதற்கு இசையவில்லை. ஒயர்மேன் அண்ணனைக் கூட்டி வந்தார்.

அண்ணன் ஒரு ராடு முழுக்க எரிக்கச் சொன்னார். எரிந்து முடிந்ததும் மெயினை இறக்கிவிட்டு, கட்டைப் பட்டியில் கிளிப் அடித்திருந்த ஒயரின் மேல் உள்ளங்கையை வைத்தார். "கண்ணு, நீயும் தொட்டுப் பாரு" என்றார். நகம் பட்டால் பதிகிற அளவுக்குத் தோல் இளகியிருந்தது. ஃப்யூஸ் மட்டும் போகாமல் இருந்திருந்தால் அந்தச் சூடு எதில் போய் முடிந்திருக்கும் என்பது சின்னப் பையனான எனக்கே விளங்கிவிட்டது.

பிறகு சிமென்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். லைனில் 230 வோல்ட். செட்டுக்குள் அது 75 ஆக இறங்குகிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆக, பத்தாம் நம்பர் ராடு 100 ஆம்ஸ் எடுத்தால் லைனில் 33 ஆம்ஸ் ஓடும். 3/20 தாங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். "ஆம்ஸ் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்குங்க" என்றார்.

"நான் விடாம எரிக்கிறதில்லையே, நடுவுல கசடு தட்டோணும், ராடு மாத்தோணும்?" என்று அப்பா கேட்டார். அதற்கும் கணக்கு இருந்தது. 10 நிமிடத்தில் 4 நிமிடம் எரித்தால், அந்த 33 ஆம்ஸ் ஒயருக்குக் கொடுப்பது விடாமல் ஓடும் 21 ஆம்ஸின் சூடுதான். அந்த அளவில் 7/20 போதும். ஆனால் மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகை 30 மீட்டர். கரண்ட் போய்த் திரும்ப 60 மீட்டர். 3/20-ல் வழியிலேயே 17 வோல்ட் விழுந்துவிடும், 7/20-ல் 7, 7/18-ல் 4. பல்பு மங்கியதும் ராடு ஒட்டியதும் ஏன் என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. 7/18 செம்பு ஒயரே வாங்கினார்.

கடைசியாகத்தான் பிரேக்கர். 32 ஆம்ஸ் எம்.சி.பி.; ஒயர் தாங்குவதற்குக் கீழேயே நிற்கும். "இது செட்டைக் காக்க இல்லீங்க, ஒயரைக் காக்க" என்றார். சுவிட்ச் போடும் கணத்தில் டிரான்ஸ்பார்மர் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், சட்டென்று விழாத வகையாகப் பார்த்து மாட்டினார். கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டினார். கோடையில் அந்தக் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அதை நான் பெருமையாகச் செய்தேன்.

இன்று வீட்டு கராஜிலேயே சின்ன இன்வெர்ட்டர் செட் வைத்துக்கொள்கிறார்கள். அதே ராடுக்கு அது லைனில் குறைவான ஆம்ஸே எடுக்கும். ஆனாலும் வரிசை மாறவில்லை. செட்டின் பெயர்த் தகட்டில் உள்ள இன்புட் ஆம்ஸையும் டூட்டி சைக்கிளையும் (10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் எரிக்கலாம் என்பது) பாருங்கள், தூரத்தை அளந்து ஒயரை முடிவு செய்யுங்கள், அந்த ஒயருக்குத் தக்க பிரேக்கரை மாட்டுங்கள். டிரான்ஸ்பார்மர் செட்டானால் சட்டென்று விழாத டி வகை பிரேக்கர் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக மட்டும் பிரேக்கரைப் பெரிதாக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்து ஒயரைச் சோதியுங்கள்.