வாள் ஏந்திய கையில் ஒரு குழந்தை

பொழுதுபோக்கிற்காக நாம் பார்க்கும் திரைப்படங்களுள் சில, எதிர்பாராத இடத்தில் நெஞ்சைத் தொட்டுவிடுகின்றன. அண்மையில் ஜப்பானியப் படமொன்றைக் குடும்பத்தோடு பார்த்தபோது நமக்கு நேர்ந்ததும் அதுவே.

கதாநாயகன் இச்சி பார்வையற்றவன், சூதாடி. ஊர் ஊராய் அலைந்து, உடம்பு பிடித்துவிட்டுப் பிழைப்பவன். அவனை அழைக்கும் ‘ஜாடோ’ என்னும் அடைமொழி, பழைய ஜப்பானில் பார்வையற்றோர் சங்கத்தின் மிகத் தாழ்ந்த படிநிலையைக் குறிப்பது. அவனுடைய ஊன்றுகோலுக்குள் வாள் ஒன்று மறைந்திருக்கும். செவியால் உணர்ந்தே எதிரிகளை வீழ்த்துவான். ஷிந்தாரோ காட்சு நடிப்பில், 1962 முதல் 1973 வரை இவனைப் பற்றி 25 படங்கள் வெளிவந்தன. 1989இல் மேலும் ஒன்று வந்தது.

நாம் பார்த்தது 1964இல் கென்ஜி மிசுமி இயக்கிய படம். கைக்குழந்தையுடன் வழியில் தளர்ந்திருந்த ஒரு தாய்க்கு இச்சி தன் பல்லக்கை விட்டுக்கொடுக்கிறான். உள்ளே இருப்பவன் இச்சியே என எண்ணிய பகைவர் அவளைக் குத்திக் கொன்றுவிடுகின்றனர். தனக்காக வந்த சாவு அவளைக் கொண்டுபோயிற்றே எனக் கலங்கிய அவன், குழந்தையைத் தந்தையிடம் சேர்க்கப் புறப்படுகிறான். வழியெல்லாம் பகைவர் துரத்த, அவன் தாலாட்டுகிறான், ஈரத்துணி மாற்றுகிறான். பெற்றவனோ வசதியான திருமணம் ஒன்றை எதிர்நோக்கியிருந்தமையால், “என் பிள்ளையன்று” எனக் கைவிரிக்கிறான். கண்ணுள்ளவன் காண மறுத்த மகவைக் கண்ணற்றவன் தானே வளர்க்கத் துணிகிறான்.

வாட்சண்டைகளின்போது கைதட்டிய நம் பிள்ளைகள் இறுதியில் மௌனமாயினர். பகைவர் தொடரும் நாடோடியிடம் இச்சிசு எப்படி வாழும் என்று ஒரு துறவி எடுத்துரைக்க, இச்சி குழந்தையைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டுத் தனியே நடக்கிறான். எத்தனை பேரை வென்றாலும் தன் வாள் தேடித்தந்த பகையை அவனால் வெல்ல முடியவில்லை. அன்பு குறைந்ததால் அன்று, அன்பு மிகுந்ததாலேயே பிரிகிறான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் கையில் வாள் இல்லை. எனினும் வெளியே பட்ட அவமதிப்பையும் கோபத்தையும் சுமந்துகொண்டு எத்தனை மாலைகள் வீட்டினுள் நுழைந்திருக்கிறோம்! ஓடிவந்த பிள்ளை நம் முகம் கண்டு ஒதுங்கியதும் உண்டு. இச்சி குழந்தையை இழந்தே தீர வேண்டியவனானான். நாமோ வாசலிலேயே அச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு பிள்ளையைத் தூக்கலாம். அந்த வாய்ப்பு நமக்கு நாள்தோறும் கிடைக்கிறதன்றோ?