ஒரே பேரில் இரண்டு பேர்

வாப்பாவின் மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தில் 1,126 பேர் இருந்தார்கள். எங்கள் கடைத்தெரு வீடுகளையும், மேலே தோட்டத்து லயங்களையும், கொழும்பிலும் டோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர்களையும் ஒன்றுவிடாமல் எண்ணினாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள்.

இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் பாதையில் வாப்பாவின் சில்லறைக் கடை இருக்கிறது. பள்ளிவாசலின் ஸகாத் வேலைகளுக்குக் கணக்கும் கடிதமும் எழுதுபவரும் அவர்தான். ரமழானுக்கு முன் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு மடல் போகும். அவர்கள் அனுப்புவதில் உலருணவுப் பொதி கட்டி, கஷ்டப்படும் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். இந்த முறை லண்டனில் உள்ள தூரத்து மாமா ஒருவருக்கு ஒரே மடல் நான்கு தரம் போய்விட்டது. “நான்கு கடிதம் கிடைத்தது, நான்கு மடங்கு தரவேண்டுமா?” என்று அவர் பகிடியாகப் பதில் போட்டிருந்தார். வாப்பா சிரித்தார். ஆனால் அன்றிரவே என்னிடம் மடிக்கணினியைத் தந்து, “மகள், நீங்க கொம்பியூட்டர் படிக்கிற ஆள்தானே, இதக் கொஞ்சம் துப்புரவாக்கித் தாங்க” என்றார். ரமழானுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒருவர் எப்படி நான்கு பேராகிறார் என்று தேடுவதே முதலில் சுவாரசியமாக இருந்தது. கடையின் பழைய கணினியில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இருந்தது. அதில் இரண்டு முகவரிப் புத்தகங்கள் உண்டு. ஒன்று நாமாக எழுதுவது. மற்றது, நாம் யாருக்கு மடல் அனுப்பினாலும் அந்த முகவரியைத் தானாகவே சேர்த்துக்கொள்வது. ஆக, அங்கேயே ஒருவர் இரண்டு பேர். பிறகு வாப்பாவின் பழைய கைத்தொலைபேசி, அதற்குப் பிறகு புதியது. நானா டோஹாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது எல்லாவற்றையும் அள்ளி ஒரே கூகுள் கணக்கில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பழைய போனில் இலக்கங்கள் பூச்சியத்தில் தொடங்கின. புதியதில் அதே இலக்கங்கள் +94 இல் தொடங்கின. பார்க்கிற கண்ணுக்கு வேறு வேறு இலக்கங்கள். முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு நாட்டின் குறியீட்டைப் போட்டால் இரண்டும் ஒன்றுதான்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முஹம்மத், முகம்மது, மொஹமட் என்று தமிழிலேயே மூன்று. ஆங்கிலத்தில் அதைவிடக் கூட. நம் வகுப்பு இடாப்பிலேயே பாத்திமாக்களை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள்.

எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. வாப்பா ஆட்களைப் பதிந்து வைத்திருந்த முறை. “சீனி லொறி”, “பல்லு டொக்டர்”, “பழைய கணக்கப்பிள்ளை”, “ரெண்டாம் லயம் பீலியடி”, “தையல் மாமி”, “மேட்டு லயம் மாமி”, “காது கேக்காத அப்பு”. இதை அவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே இணைக்கத் தொடங்குமுன் இரண்டு இரவுகள் இருந்து, எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொருவருக்கும் முறையான பெயரை எழுதினேன். ஒரே எழுத்துக்கூட்டல், முதலெழுத்து முன்னால், தேவையற்ற ஒட்டுகள் இல்லை. திரை எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

கூகுள் தொடர்புகளில் ‘மேர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரே பெயர், ஒரே இலக்கம், ஒரே முகவரி உள்ளவற்றைச் சோடி சோடியாக எடுத்துக் காட்டி, “இணைக்கட்டுமா?” என்று கேட்கும். முதல் நாற்பது சோடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. நாற்பத்தோராவதில் அலுத்துப்போய், எல்லாவற்றையும் இணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். 1,126 பேர் 604 பேரானார்கள். வாப்பா “மாஷா அல்லாஹ்” என்றார். ரமழான் பட்டியலில் 94 பெயர் இருந்தது 87 ஆனது. ஏழு பொதி மிச்சம் என்று நிர்வாகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். 87 பொதிக்குத்தான் அரிசியும் பருப்பும் சீனியும் வாங்கினார்கள்.

நோன்பு நான்கு. அஸருக்குப் பிறகு, பள்ளியில் கஞ்சி வாங்கிக்கொண்டு தையல் மாமி கடைக்கு வந்தார். என் பெருநாள் உடுப்பின் கையளவு கேட்கத்தான் வந்தார். போகும்போது வாப்பாவிடம், “மேட்டு லயத்து ராத்தாக்கு இந்தமுற பொதி வரல்லையாமே. நான் எனக்கு வந்ததில பாதியக் குடுத்தன்” என்றார்.

வாப்பா அச்சடித்த பட்டியலை எடுத்தார். அந்தப் பெயர் இருந்தது. ஒரே ஒரு தரம் இருந்தது.

அவர்கள் இருவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இருவருக்கும் பெயர் ஒன்று என்பது மட்டும் போதும். தையல் மாமி கடைத்தெருவுக்கு வருமுன் அதே தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்து லயங்களுக்குத் தெருப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. எத்தனையோ குடும்பங்களுக்கு அது ஒன்றே. ஆகவே முகவரியும் ஒன்று. மேட்டு லயத்தில் சிக்னல் கிடைக்காது என்பதால் அந்த மாமி தனக்கென்று போன் வைத்திருக்கவில்லை. அவசரத்துக்குத் தையல் மாமியின் இலக்கத்தையே கொடுத்திருந்தார். ஆகவே இலக்கமும் ஒன்று. அவர்களைப் பிரித்துக் காட்ட இருந்தவை “தையல்” என்ற ஒரு சொல்லும் “மேட்டு லயம்” என்ற இரண்டு சொற்களும்தான். அவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தவள் நான். கணினியைக் குறைசொல்ல என்னால் முடியாது.

வாப்பா ஏசவில்லை. திரையைப் பார்த்து, “இது ரெண்டும் ஒண்டா மகள்?” என்று மட்டும் கேட்டார். தறாவீஹ் முடிந்த கையோடு கடையிலிருந்தே ஒரு பொதியைக் கட்டி எடுத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்து உம்மாவிடம் சொன்னதை நான் அறைக்குள் இருந்து கேட்டேன். போன வருஷத்துக் கடன் 3,400 ரூபாய் கொப்பியில் இருப்பதால்தான் வாப்பா தன் பெயரை வெட்டிவிட்டார் என்று அந்த மாமி நினைத்திருந்தாராம். அதனால்தான் நோன்பு தொடங்கியதிலிருந்து எங்கள் கடைக்கு வராமல், கீழே இரண்டு கிலோமீற்றர் நடந்து வேறு கடையில் சாமான் வாங்கினாராம். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு பொத்தானை அழுத்தினால் இப்படியெல்லாம் நடக்கும் என்று எந்தப் பாடத்தில் இருந்தது?

திருத்துவதும் லேசாக இருக்கவில்லை. இதை வாசிக்கும் யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். கூகுள் தொடர்புகளை 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். எனக்கு 25 நாள் ஆகியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அப்படிப் பின்னால் போகும்போது, இடையில் புதிதாகச் சேர்த்தவையும் போய்விடும். வாப்பா அந்த 25 நாளில் 11 பேரைச் சேர்த்திருந்தார். ஆகவே முதலில் இன்றைய பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாக வரும். பயந்துவிடாதீர்கள். இறக்குமதி செய்யும்போது யூ.டி.எஃப்-8 என்று தெரிவுசெய்தால் எழுத்துகள் திரும்பி வந்துவிடும். நான் முதலில் அழுதுவிட்டேன்.

பழைய 1,126 திரும்பி வந்தது. லொறியும் பீலியடியும் லயமும் வந்தன.

அடுத்த ஒன்பது இரவுகள், தறாவீஹுக்குப் பிறகு வாப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். “இவர் யார்?” என்று கேட்பேன். வாப்பா சொல்லுவார். சில பெயர்களுக்கு அரை நிமிடம், சிலவற்றுக்கு அரை மணித்தியாலம். பழைய கணக்கப்பிள்ளையின் பெயர் வந்த இரவு நாங்கள் வேறு ஒருவரையும் பார்க்கவில்லை. 2017 மே வெள்ளத்தில் இரத்தினபுரிப் பாதை அடைபட்டிருந்தபோது, அவர் மேலே தோட்டத்துக்கூடாகக் குறுக்குப் பாதை காட்டிக் கடைக்கு மாவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவர உதவிய கதை அது. அந்த இலக்கம் இப்போது பாவனையில் இல்லை. வாப்பா அதை அழிக்க விடவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி என்று படிக்கிறோம். ஒரு பதிவை மற்றதிலிருந்து பிரித்தறிய, இருவருக்கு ஒரேமாதிரி வரமுடியாத ஒன்று வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவைத்தால் என்ன? அதில் பிறந்த வருடமும் வருடத்தின் எத்தனையாம் நாள் என்பதும் இருக்கிறது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500 ஐக் கூட்டியிருப்பார்கள். இருவர் ஒன்றாக வழியே இல்லை. வாப்பா தன் பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 இலிருந்து வந்த புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்கம். அட்டையை மாற்றினால் அங்கேயும் ஒரே ஆள் இரண்டு பேர். “அதோட, பொதி வாங்க வாற ஆளுக்கிட்ட அட்டையக் கேட்டா அவங்க வரவேமாட்டாங்க மகள்” என்றார். அந்த யோசனையை அதோடு விட்டேன்.

இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் ஹதீஸ்கலை படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அறிவிப்பாளர்களின் பெயர்களைப் பற்றி ஆசிரியை சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே பெயருடைய வெவ்வேறு ஆட்களைப் பிரித்தறிவதற்கென்றே அந்தக் கலையில் தனிப் பிரிவு இருக்கிறதாம். கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் ஆறு பேரை இமாம் இப்னுஸ் ஸலாஹ் எடுத்துக்காட்டுகிறார். அறபு யாப்பிலக்கணத்தை வகுத்த பஸராவின் அறிஞர் அவர்களில் ஒருவர். ஒருவரை மற்றவராக எண்ணிவிட்டால், நம்பத்தகாதவரின் செய்தி நம்பத்தகுந்தவரின் பெயரில் நுழைந்துவிடும். ஹிஜ்ரி 463 இல், அதாவது 1071 இல், மறைந்த கதீப் அல்பக்தாதி இதற்காகவே ஒரு நூல் எழுதினார். இரண்டு பேரை ஒருவராக்கியதிலும் ஒருவரை இரண்டு பேராக்கியதிலும் நேர்ந்த மயக்கங்களைத் தெளிவுபடுத்துவது என்பதுதான் அதன் பெயருக்கே பொருள். முன்னைய பெரும் இமாம்களுக்கு நேர்ந்த தவறுகளையும் அதில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தவறாக நினைக்காதீர்கள்.

அவர்கள் ஆட்களைப் பிரித்தறிந்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஊர்ப் பெயர், தொழிற்பெயர், இன்னாரின் தந்தை, இன்னாரின் தாய் என்னும் குன்யா, பட்டப்பெயர். அஃமஷ் என்றால் பார்வை மங்கியவர். அஃரஜ் என்றால் கால் ஊனமானவர். இரண்டும் பெரிய அறிவிப்பாளர்களின் பெயர்களாகவே நின்றுவிட்டன. ஒருவரை இப்படிச் சொல்வது புறம்பேசுவது ஆகாதா? அடையாளம் காட்டுவதற்காக என்றால் ஆகும், குறைசொல்வதற்காக என்றால் ஆகாது என்று இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் இந்தப் பெயர்களையே உதாரணம் காட்டுகிறார். வாப்பாவின் “காது கேக்காத அப்பு” நினைவுக்கு வந்தார். அந்த அப்புவுக்கு போன் எடுத்தால் நீண்ட நேரம் மணி அடிக்கவிட வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பதிந்திருந்தாராம்.

எண்ணிக்கை 652 இல் வந்து நின்றது. முதல் முறை வந்த 604 ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 48 பேரை நான் இல்லாமல் ஆக்கியிருந்தேன். பலர் ஒரே போனைப் பாவிக்கும் கணவன் மனைவிகள். சிலர் தகப்பனின் மின்னஞ்சலில் வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைகள். ரமழான் பட்டியல் 88. ஏழில் ஆறு உண்மையிலேயே இரட்டிப்புத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெருநாளைக்கு முதல் இரவு பித்ரா அரிசி கொடுக்க வாப்பாவோடு நானும் மேட்டு லயத்துக்கு ஏறினேன். கீழே பள்ளியில் தக்பீர் தொடங்கியிருந்தது. மாமி பாயை விரித்து, எங்களை இருக்கச் சொல்லி, பிளேன்டீ ஊற்றித் தந்தார். நான் வரும்போதே மனதில் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. “மாமி, பிழை விட்டது நான்தான். உங்கட பேர நான்தான் வெட்டின” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வாப்பாவைப் பார்த்தார். “புள்ளயா செஞ்ச? அப்ப சரி” என்று சிரித்தார். அந்த “அப்ப சரி”யைக் கேட்டதும் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் மூத்த மகன் பெருநாளைக்கு ஒரு போன் வாங்கி வந்திருந்தான். லயத்தின் கடைசி வாசலில் போய் நின்றால் ஒரு கோடு சிக்னல் வருமாம். அங்கே நின்று இலக்கத்தைச் சொன்னார். நான் பதிந்தேன்.

“பேர எப்படிப் போடட்டும் மாமி?”

கொஞ்சம் யோசித்தார். மகனின் பெயரைச் சொல்லி, “அவன்ட உம்மா எண்டு போடுங்க புள்ள” என்றார்.