தாயின் முகம்

கடந்த மாதம் என் மகள் தன் கணினியில் ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தைப் போட்டுக் காட்டினாள். விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசராப்ள்' நாவலை ஹென்றி ஃபெஸ்கூர் 1925இல் மௌனப் படமாக எடுத்திருக்கிறார். 1950இல் தமிழில் வந்த 'ஏழை படும் பாடு' திரைப்படமும் இதே கதைதான்.

நான்கு பாகங்கள், ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். இரவுக்கு ஒரு பாகமாகப் பார்த்தோம். படத்தில் பேச்சில்லை. இடையிடையே வரும் எழுத்துக்களை மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

ரொட்டி திருடிச் சிறை சென்ற ஜான் வல்ஜானின் கதை என்றே இதைச் சொல்வார்கள். எனக்கோ அது ஃபான்டீனின் கதை. கைவிடப்பட்ட அந்தத் தாய், பிழைப்புக்காகத் தன் குழந்தை கோசெத்தை ஒரு சத்திரக்காரக் குடும்பத்திடம் விட்டுச் செல்கிறாள். பிள்ளை இருப்பது தெரியவந்ததும் தொழிற்சாலை வேலை போகிறது. பிள்ளைக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லி அவர்கள் காசு கேட்கிறார்கள். தாய் கூந்தலை விற்கிறாள், முன்பற்களையும் விற்கிறாள். அங்கே பிள்ளையோ வேலைக்காரியாகத் தண்ணீர் சுமக்கிறது.

அந்த இடத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போரில் கணவரை இழந்தபின், 1997இல் நான்கு வயது மகளை உறவினர் வீட்டில் விட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் நான். மாதாமாதம் காசு அனுப்பினேன். அவள் அங்கே பட்ட பாடு, ஐந்து வருடங்களின் பின் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. "பெத்த பிள்ளையை விட்டிட்டுப் போனவள்" என்ற ஊர்ப் பேச்சு இன்னும் காதில் நிற்கிறது.

மகள் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கேல்லை?"

"பார்த்திருந்தா நான் போயிருக்க மாட்டன், பிள்ளை."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தபடியே மிச்சத்தையும் பார்த்தாள்.

ஃபான்டீன் பிள்ளையைக் காணாமலே இறந்துபோகிறாள். வல்ஜான்தான் கோசெத்தை மீட்டு வளர்க்கிறான். வளர்ந்த கோசெத் திரையில் வந்ததும் திடுக்கிட்டேன். அதே முகம்! சான்ட்ரா மிலோவனோஃப் என்ற ரஷ்ய நடிகையே தாயாகவும் வளர்ந்த மகளாகவும் நடித்திருக்கிறார் என்று மகள் சொன்னாள்.

சகோதரிகளே, பிள்ளையைப் பிரிந்து உழைக்கப்போன தாய்மார் நம்மில் எத்தனை பேர்! ஃபான்டீனுக்குத் தன் மகளிடம் பேசக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, பிள்ளைக்குச் சொல்லுங்கள். நான் சொல்ல இத்தனை வருடம் எடுத்துவிட்டது.