சுங்காய்க்கு இரண்டு பைகள் போதும்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஒரு வகையில் நல்லதுதான். காரில் போகிறவர்களுக்குச் சுங்காய் வெறும் டோல் பலகை. ஈப்போவிலிருந்து கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் எனப் பழைய சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் மிதித்து வருபவர்களுக்குத்தான் அது ஓர் ஊர்.

முதுகில் பை மாட்டாதீர்கள். நம் வெயிலில் சட்டை நனைந்து, தோளும் வலிக்கும். பின் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகளே சரி. கனமான பொருள் அடியில் இருக்கட்டும்; இரு பக்கமும் ஒரே எடை; மழைச்சட்டை மேலே. பசிக்கு, முந்திய இரவு வீட்டில் சுட்ட நெத்திலி சம்பல் பீட்சா நான்கு துண்டு. ஆறினாலும் ருசிக்கும்.

இந்த எடைக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ரப்பர் மரம் வெட்டி, பால் நிறைந்த வாளிகளைச் சைக்கிளில் கட்டி, செம்மண் பாதையில் சிந்தாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோன தோட்டத்து மக்களுக்கு அது கைவந்த வித்தை. சைக்கிள் சாய்ந்தால் அன்றைய உழைப்பு மண்ணோடு போய்விடும்.

இன்று வழியெங்கும் செம்பனை. பல லயங்கள் இருந்த தடமே இல்லை. அப்படிப் பால் ஏற்றிப் போனவர்கள் இன்று தாத்தா, பாட்டி. சாப்பாட்டுக் கடையில் அவர்களில் ஒருவரைக் கண்டால், சைக்கிளை நிறுத்தி, “எப்படிக் கட்டுவீங்க?” என்று கேளுங்கள். வெந்நீர் ஊற்றுக்கு மாலையில் போய்க்கொள்ளலாம்.