கொக்கும் தெருவும்

பத்து வருஷ வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, மரம், பறவை பற்றி எழுதலாமென்று கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்தேன். “வெயில்ல நடக்கவா எம்.ஏ. படிச்ச?” என்றாள் அம்மா. விடியுமுன் நடவுக்கு ஓடிய கால் அவளுடையது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கி நடந்தவர் தாத்தா.

வழியில் கொக்கைப் பார்த்துக் குறிப்பெழுத நின்றேன். “தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?” என்றார் ஒரு பெரியவர். சொன்னேன். அப்புறம் அவர் பேசவில்லை. கொக்கை எழுதினால் அவரையும் எழுதத்தான் வேண்டும்.

பிச்சாவரத்தில் தில்லை மரம் பார்த்தேன். சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த மரம். பால் பட்டால் கண் கெடும். அந்தத் தில்லைக்குத்தான் ஆதனூர் நந்தன் வந்தார். தீயில் இறங்கி எழுந்த பிறகே உள்ளே போனார் என்கிறது பெரியபுராணம். 1916இல் சகஜானந்தர் அவர் பேரில் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதன் வாசலில் நடையை முடித்தேன்.