நெருப்பு தொடாத கண்ணாடி

பாரிஸின் நோத்ர தாமுக்குள் கால் வைத்ததும் முதலில் கண்ணை உறுத்துவது அதன் வெளுப்பு. 1163-இல் கட்டத் தொடங்கிய பேராலயம், 2019-இல் கூரை முழுக்க எரிந்து போன பேராலயம் என்ற நினைப்போடு உள்ளே போகிறவருக்கு எங்கேயும் கரியோ கறையோ தென்படாது. தூண்களும் வளைவுகளும் இளமஞ்சள் கலந்த வெள்ளையில் பளிச்சிடுகின்றன. தீயில் கூரையின் ஈயம் தூளாகிக் கல்லெங்கும் படிந்திருந்தது. அதை எடுக்க ரப்பர் பசை போன்ற ஒரு கலவையைச் சுவரில் பூசி, காய்ந்தபின் தோலாக உரித்தார்கள். ஈயத்தோடு நூற்றாண்டுகளின் மெழுகுவத்திப் புகையும் உரிந்து வந்துவிட்டது.

“இருட்டுத்தான் தம்பி இதுக்கு வடிவு. இப்ப ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு” என்றார் அண்ணா, உள்ளே நுழைந்த சூட்டோடு.

அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் பாரிஸுக்கு வந்தவர். குடியிருப்பு லாச்சப்பலில், வேலை ஸான் மிஷேல் பக்கம் ஓர் உணவகத்தின் சமையலறையில். சைவர்தான். ஆனாலும் லூர்து மாதாவிடம் போய் வருவார். நோத்ர தாமிலும் வேலை முடிந்து போகும் வழியில் மெழுகுவத்தி ஏற்றுகிற பழக்கம் அவருக்கு நெருப்புக்கு முன்பே உண்டு.

அவர் முணுமுணுப்பு எனக்குப் பிடித்திருந்தது. எரிந்த அன்று உலகம் முழுவதும் பார்த்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு இந்த ஊர்க்காரர்கள் ஐந்து வருடம் என்ன செய்தார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அழுதார்கள், பாடினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சண்டை போட்டார்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

வெளியே வந்து பாலத்தைக் கடந்தால் இடதுகரையில் ரெனே விவியானி சதுக்கம். அங்கே 1601-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஒரு ரொபினியா மரம், கான்கிரீட் தூண்கள் முட்டுக்கொடுக்க, இன்னும் துளிர்க்கிறது. பாரிஸின் மிக வயதான மரம் அது. அதன் அருகே பெஞ்சில் உட்கார்ந்தால் பேராலயத்தின் தென்பக்கம் முழுவதும் தெரியும். பின்புறத்தில் இன்னும் சாரம் கட்டியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் அண்ணா 2019 ஏப்ரல் 15-ஐச் சொன்னார்.

“ஏழு மணி ஆகேல்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனான். பார்த்தா மேசையில ஒருத்தரையும் காணேல்லை. காசு குடுக்காமலே எழும்பிப் போயிட்டினம். வெளியில வந்தா எல்லாரும் ஆத்தங்கரையில நிக்கினம். எங்கட முதலாளியும் அதுக்குள்ள நிண்டார். அந்தாள் கோயில் பக்கமே போகாத ஆள் தம்பி. பாதிரிமாரைக் கண்டா பகிடி விடுவார். அண்டைக்குக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.”

அது பெரிய வாரத்தின் திங்கட்கிழமை. மாலை ஆறேகால், ஆறரை வாக்கில் முதல் எச்சரிக்கை மணி அடித்தது. பார்க்கப் போன காவலர், பேராலயத்தின் மேற்கூரைக்குப் போகாமல் பக்கத்துப் பூசை அறைக் கட்டடத்தின் கூரைக்குப் போய், ஒன்றுமில்லை என்று திரும்பினார். இடம் தவறு என்று புரிந்து தீயணைப்புப் படையைக் கூப்பிடுவதற்குள் ஏறத்தாழ அரைமணி நேரம் போய்விட்டது. அதற்குள் ‘காடு’ என்றே எல்லாரும் அழைத்துவந்த ஓக் உத்தரங்கள் பற்றிக்கொண்டன. பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரங்கள். எட்டு மணிக்குச் சற்று முன் ஊசிக்கோபுரம் முறிந்து, கல் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது.

“அது சரிஞ்சு விழேக்க சனம் போட்ட சத்தம் இப்பவும் காதுக்க கிடக்கு” என்றார் அண்ணா.

நானூறுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் அன்று வேலை செய்தார்கள். வடகோபுரத்துக்குள் மணிகளைத் தாங்கும் மரச்சட்டத்தில் தீ பிடித்ததுதான் அன்றைய உச்சகட்ட ஆபத்து. மணிகள் விழுந்தால் கோபுரம் விழும், ஒரு கோபுரம் விழுந்தால் மற்றதும் நிற்காது. ஒரு சிறிய குழு உள்ளே ஏறி அதை அணைத்தது. தீயணைப்புப் படையின் ஆன்மகுரு ழான்-மார்க் ஃபூர்னியே உள்ளே போய், 1239-இல் ஒன்பதாம் லூயி மன்னர் பிரான்ஸுக்குக் கொண்டுவந்த முள்முடியை மீட்க உதவினார். ஊசிக்கோபுரத்தைச் சுற்றி நின்ற பதினாறு செப்புச் சிலைகளுக்கு வேறுவிதமான அதிர்ஷ்டம். பழுது பார்க்க நான்கு நாள் முன்னர்தான் அவற்றைக் கிரேன் வைத்து இறக்கியிருந்தார்கள். கூரையோரம் தேன்கூடு வைத்திருந்தார்கள். அந்தத் தேனீக்களும் பிழைத்தன. இரவு பதினோரு மணி வாக்கில்தான் இரண்டு கோபுரங்களும் தப்பின என்ற செய்தி வந்தது.

அதுவரைக்கும் கரையில் நின்றவர்கள் போகவில்லை. இளைஞர்கள் முழந்தாளிட்டு, அருள்நிறைந்த மரியே செபத்தைப் பிரெஞ்சில் மெதுவாகப் பாடினார்கள். மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊரில், நடுத்தெருவில் முழங்கால் போடுவது சாதாரணம் அல்ல. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நோத்ர தாம் அரசின் சொத்து. திருச்சபைக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். ஆகவே கிறிஸ்தவருக்கு அது ஆலயம். கடவுளே இல்லை என்கிற வரிகட்டுபவருக்கு அவர் சொத்து. விக்தோர் யூகோவின் 1831 நாவலைப் பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு ஒரு கதாபாத்திரம். முதலாளி அழுததற்கு விளக்கம் தேடி நான் ரொம்பத் தூரம் போகவில்லை.

பாட்டு ஓய்ந்த மறுநாளே பணம் வந்தது. பணத்தோடு சண்டையும் வந்தது. பினோ குடும்பம் 10 கோடி யூரோ, ஆர்னோ குடும்பமும் எல்விஎம்ஹெச் நிறுவனமும் 20 கோடி, லொரேயாலும் பெத்தான்கூர் குடும்பமும் 20 கோடி, டோட்டல் எண்ணெய் நிறுவனம் 10 கோடி. சாமானியர்கள் அனுப்பிய ஐந்தும் பத்தும் சேர்ந்து, கடைசியில் 150 நாடுகளைச் சேர்ந்த 3,40,000 பேரிடமிருந்து 84 கோடி யூரோவுக்கு மேல் தேறியது. அரசுக்கு எதிரான மஞ்சள் அங்கிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. தீப்பிடித்த அன்றிரவு எட்டு மணிக்கு அதிபர் மக்ரோன் அந்தப் போராட்டத்துக்குப் பதில் சொல்லித் தொலைக்காட்சியில் பேச இருந்தார், பேச்சு தள்ளிப்போனது. கல்லுக்கு ஒரே இரவில் கோடிகள் கொட்டுகின்றன, எங்கள் சம்பளத்துக்கு மட்டும் காசு இல்லையா என்று அடுத்த சனிக்கிழமை தெருவில் கேட்டார்கள். நோத்ர தாமுக்கு அள்ளிக் கொடுத்தவர்களுக்கு யூகோ நன்றி சொல்கிறார், அவருடைய இன்னொரு நாவலின் ஏழைகளுக்கும் கொஞ்சம் தரும்படி கேட்கிறார் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் நக்கலடித்தார். முன்னாள் கலாச்சார அமைச்சர் ஒருவர் இந்த நன்கொடைக்கு 90 சதவீத வரிச்சலுகை தரலாம் என்று வாயைவிட, எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. பினோ குடும்பம் எங்களுக்குச் சலுகையே வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது.

எனக்கு அந்தக் கேள்விகள் நியாயமாகவே பட்டன. அண்ணாவுக்கு அதைவிடக் கூர்மையான வேறொரு கணக்கு இருந்தது.

“திங்கள் இது எரிஞ்சது. ஞாயிறு எங்கட கொச்சிக்கடை.”

ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு, மட்டக்களப்பு, ஹோட்டல்கள். குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் சைவரும் நேர்த்தி வைப்பார்கள். அண்ணாவின் அம்மாவும் வைத்தவர். நோத்ர தாமுக்குள் போக முடியாததால் பாரிஸ் பேராயர் அன்று ஸான் உஸ்தாஷ் ஆலயத்தில் உயிர்ப்புப் பூசை வைத்தார், தீயணைப்பு வீரர்களையும் அழைத்து. நள்ளிரவில் இலங்கைக்காக ஐஃபல் கோபுரத்தின் விளக்குகளை அணைத்தார்கள். அண்ணா அதைப் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனபோது முதலாளி கிட்ட வந்து தோளில் கைவைத்தாராம், ஒன்றும் பேசாமல். “அது காணும்” என்றார் அண்ணா. பிறகு, “காசு ஒருத்தரும் சேர்க்கேல்லை” என்றும் சொன்னார்.

அடுத்த சண்டை ஊசிக்கோபுரத்துக்கு. விழுந்தது இடைக்காலத்துக் கோபுரமல்ல. வியொலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் 1859-இல் நிறுத்தியது. புதிய கோபுரத்துக்குச் சர்வதேசப் போட்டி வைப்போம் என்று பிரதமர் எதுவார் ஃபிலிப் இரண்டே நாளில் அறிவித்தார். உடனே கற்பனைக் குதிரைகள் கிளம்பின. கண்ணாடிக் கூரை என்றார்கள், மொட்டைமாடித் தோட்டம் என்றார்கள். ஒருவர் நீச்சல்குளமே வரைந்தார். இருந்தது இருந்தபடியே வேண்டும் என்பதில் பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வில்னவ் பிடிவாதம். அந்தக் கோபுரத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர் அவர். பணிக்குப் பொறுப்பாக மக்ரோன் நியமித்த ஜெனரல் ழான்-லூயி ஜோர்ஜெலன், நாடாளுமன்றக் குழு முன்னால் வைத்தே அவரை வாயை மூடச் சொன்னார். 2020 ஜூலையில் வில்னவின் பக்கம் ஜெயித்தது. ஜெனரல் 2023 ஆகஸ்டில் பிரனே மலையில் நடக்கப்போன இடத்தில் இறந்தார். அவர் பெயரைப் புதிய கோபுரத்தின் மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள்.

ஈயத்துக்கும் சண்டை இருந்தது. ஏறத்தாழ 460 டன் ஈயம் கூரையிலும் கோபுரத்திலும் இருந்தது, பக்கத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பயந்தார்கள், வேலை சில வாரம் நின்றது. மறுபடி ஈயமே வேய்ந்தார்கள். இதில் பயந்தவர்கள் பக்கம்தான் நான்.

ஆனால் மரவேலையைப் பற்றி யார் சண்டை போட்டாலும் எனக்குக் காது கேட்காது. இரும்பிலோ கான்கிரீட்டிலோ கட்டிவிட்டுப் போயிருக்கலாம். மறைந்திருக்கும் மேற்கூரைதானே, யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? பழையபடியே ஓக் மரத்தில், கையாலேயே செதுக்கினார்கள். பிரான்ஸ் முழுவதுமிருந்து ஏறத்தாழ 2,000 மரங்கள் வந்தன. வெட்டக்கூடாது என்று கிளம்பியவர்களும் உண்டு. ஊசிக்கோபுரத்துக்கான முதல் மரங்கள் 2021 மார்ச்சில் பெர்சே காட்டில் சாய்ந்தன. உத்தரங்களைப் பச்சை மரமாகவே, ரேகை போகிற போக்கிலே கோடாலியால் சதுரித்தார்கள். அறுப்புவாள் ரேகையைக் குறுக்கே வெட்டும், கோடாலி கூடவே போகும். அந்த வேலைக்கென்றே பழைய வடிவில் கோடாலிகளை அடித்தார்கள். தச்சர்களில் சிலர் கெதலோனில் கை பழகியவர்கள். பர்கண்டியில் 1997-லிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. வெளியூரிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த காரியம் கடைசியில் தலைநகரத்துக்கே கைகொடுத்தது.

இவர்களால் முடியுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. 2020 செப்டம்பரில் ‘எல்லையற்ற தச்சர்கள்’ என்ற குழு, எரிந்த கூரைச் சட்டங்களில் ஒன்றை அப்படியே செய்து, பேராலய முற்றத்தில் எல்லார் கண்முன்னாலும் கயிறு கட்டிக் கையாலேயே தூக்கி நிறுத்திக் காட்டியது. அளவுகளுக்கும் பஞ்சமில்லை. எரிவதற்குச் சில வருடம் முன்புதான் இரண்டு கட்டடக் கலைஞர்கள் ‘காட்டின்’ ஒவ்வொரு உத்தரத்தையும் அளந்து வரைந்திருந்தார்கள். ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் கட்டடம் முழுவதையும் லேசர் கொண்டு பதிவு செய்திருந்தார். அவர் 2018 நவம்பரில், தீக்கு ஐந்து மாதம் முன்பு இறந்துபோனார்.

தீ எதனால் பிடித்தது என்பது மட்டும் இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. மின்கசிவா, அணைக்காத சிகரெட்டா என்ற பேச்சோடு நிற்கிறது. பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அண்ணா மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

2024 டிசம்பர் 7 மாலை, எரிந்த உத்தரக் கட்டையில் செய்த செங்கோலால் பேராயர் லொரான் உல்ரிஷ் கதவைத் தட்டித் திறந்தார். உள்ளே தீயணைப்பு வீரர்களுக்கு எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினார்கள். அன்று அண்ணாவுக்கு வேலை. தெருக்களை அடைத்துவிட்டதால் உணவகத்தில் வியாபாரமே இல்லை என்பதுதான் அவர் நினைவு.

ஊருக்குப் புறப்படும் முன் மறுபடி ஒருமுறை உள்ளே போனோம். தென்பக்கத்துச் சிறு பீடங்களின் சன்னல்களைக் காட்டி, “இதைத்தான் கழட்டப் போறாங்கள்” என்றார். ஆறு சன்னல்கள். உருவங்கள் இல்லாத, கோலம் போன்ற வடிவங்கள், வியொலே-லெ-துக் காலத்தவை. அவற்றின் இடத்தில் கிளேர் தபுரே என்ற ஓவியர் வரையும் புதிய கண்ணாடிகள் வரவிருக்கின்றன. மக்ரோனும் பேராயரும் விரும்பியது. தேசியப் பாரம்பரிய ஆணையம் 2024 ஜூலையில் ஒருமனதாக எதிர்த்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

“நானும் போன்ல போட்டனான்” என்றார் அண்ணா.

எனக்கு வியப்பு. கண்ணாடியில் அவருக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

“நெருப்பே தொடாமல் விட்டதை இவங்கள் ஏன் தம்பி தொடுவான்?”

எனக்கு அதில் உடன்பாடில்லை. சித்தே நிலையத்தில் மெட்ரோவின் நாலாம் லைன் ஏறினோம். அவர் விடுவதாக இல்லை, நானும் விடவில்லை. அந்தக் கண்ணாடிகளும் அந்தக் காலத்தில் புதுசுதானே, வியொலே-லெ-துக் அன்றைக்குப் புதிதாக வைக்கவில்லையா, அவர் நிறுத்திய கோபுரத்துக்காகத்தானே இத்தனை பேரும் அழுதீர்கள் என்றேன். கார் து நோர் நிலையம் வந்துவிட்டது. கதவு திறக்கும்போது அண்ணா திரும்பினார்.

“அது நல்லா வந்திட்டுது. இது நல்லா வருமெண்டு ஆர் சொன்னது?”